ஓரத்தில் ஒட்டிய பந்து

தலைப்பைக் கண்டதும் வாசகர்களில் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சம்பள உயர்வும் வீட்டுரிமையும் நிலவுரிமையும் பேசப்பட வேண்டிய பக்கங்களில், துரைமார் மாலை வேளைகளில் விஸ்கிக் கிண்ணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு ஆடிய ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பது நியாயமே. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே கேட்டோம். கேட்டதோடு நில்லாமல், கேட்டிருக்கக் கூடாத ஒருவரின் முகத்துக்கு நேரே கேட்டோம். அந்தப் பழைய கணக்கில் ஒரு பகுதியையாவது தீர்க்கலாமென்றே இதனை எழுதத் துணிந்தோம்.

சென்ற மாதம், எம்மிடம் படித்த மாணவன் ஒருவன் கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். பலாங்கொடைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். இப்போது தலைநகரில் ஒரு விடுதியில் மேசை துடைக்கிறான். அந்த விடுதியின் பின்கூடத்தில் 'பூல்' மேசை ஒன்று கிடக்கிறதாம். விருந்தினரெல்லாம் உறங்கப் போன பின்னர், இரவு ஒரு மணிக்கு மேல், வேலைக்காரப் பையன்கள் ஆடிக்கொள்வதை முகாமையாளர் கண்டும் காணாதவர் போல் விட்டுவிடுகிறாராம். "சேர், மத்த அடியெல்லாம் வருது. வெள்ளப் பந்து ஓரத்துல போயி ஒட்டிக்கிட்டா மட்டும் கை நடுங்குது. என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

எம்மிடம் இதைக் கேட்க வேண்டுமென்று அவனுக்கு எப்படித் தோன்றிற்று? வகுப்பில் நியூட்டனின் விதிகளை விளக்கும்போது பில்லியர்ட்ஸ் பந்துகளை எடுத்துக்காட்டாகச் சொல்லும் பழக்கம் எமக்கிருந்தது. அவன் விதிகளை மறந்துவிட்டான், பந்துகளை மறக்கவில்லை. நாம் சொன்ன பதிலோ எமது பதிலன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு மார்க்கர் மாமா எமக்குச் சொன்னதையே நாம் அவனுக்குச் சொன்னோம்.

சபரகமுவாவின் மலைச்சரிவை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்ததே. கீழே இறப்பர், மேலே தேயிலை, இரண்டுக்கும் இடையே ஓயாத மழை. அந்த மழையில் மாலை ஐந்து மணிக்கு மேல் செய்வதற்கொன்றுமில்லாத வெள்ளைக்காரத் துரைமார் கூடிக் குடிக்கவும் ஆடவும் கட்டிக்கொண்ட கிளப் ஒன்று எமது இளமையிலும் நின்றிருந்தது. அதன் நடுக்கூடத்தில் பில்லியர்ட்ஸ் மேசை. நீளம் 12 அடி, அகலம் 6 அடி. பச்சைக் கம்பளித் துணிக்குக் கீழே கிடப்பது பலகையென்று நாம் எண்ணியிருந்தோம். பலகையன்று, கல். ஐந்து பெரிய கற்பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, மட்டம் பார்த்து, அதன்மேல் துணி விரிப்பார்கள். மேசையின் மொத்தப் பாரம் ஒரு தொன்னுக்கு மேல். 1912 இல் இரத்தினபுரியை எட்டிய களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை பின்னர் ஓப்பநாயக்கா வரை நீண்டதே. அந்தச் சிறு ரயிலிலேதான் கற்கள் வந்திறங்கியிருக்க வேண்டும். அங்கிருந்து மலைக்கு? வண்டி ஏறாத இடத்துக்கெல்லாம் ஏறியது எமது பாட்டன்மாரின் தோள்தானே!

மார்க்கர் என்பது பெயரன்று, தொழில். ஆட்டத்தின் புள்ளிகளைப் பலகையில் குறிப்பவன் மார்க்கர். குறிப்பதோடு அவன் வேலை முடிவதில்லை. துணியின் மயிர் படியும் திசையறிந்து ஒரே பக்கமாகத் துலக்க வேண்டும். மழைக்காலத்தில் துணி ஈரம் குடித்துப் பந்து நகராமற் போகும், அப்போது இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் தேய்க்க வேண்டும். குழியில் விழுந்த பந்தை எடுத்து உரிய புள்ளியில் வைக்க வேண்டும். எட்டாத பந்துக்குத் தாங்குகோல் நீட்ட வேண்டும். துரை தவறவிட்டால் "துரதிர்ஷ்டம் ஐயா" என்று முணுமுணுக்கவும் வேண்டும். எமது மார்க்கர் மாமா பத்தொன்பது வயதில் மலையிலிருந்து இந்த வேலைக்கு எடுக்கப்பட்டவர். மட்டக்கத்தி பிடித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த கை அமைதியான கை என்று ஒரு துரை கண்டுபிடித்தாராம். அன்று முதல் அவருடைய பெயர் தோட்டத்துச் செக்ரோலிலிருந்து நீங்கியது. சம்பளம் கிளப்பின் சில்லறைக் கணக்கிலிருந்து வந்தது. இந்தச் சிறிய விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறது.

ஆட்டம் ஆட அவருக்கு அனுமதியில்லை. ஆனால் மழை கொட்டும் இரவுகளில் எதிராளி கிடைக்காத துரை ஒருவர் தனியே என்ன செய்வார்? "நீ வா" என்று கூப்பிடுவார். மார்க்கர் மாமா கோலைத் தொட்ட முதற் சில இரவுகளிலேயே சங்கடம் பிறந்தது. அவர் வென்றுவிட்டார். சேவகனிடம் தோற்பது கிளப்பின் சம்பிரதாயத்துக்கு ஒத்துவருமா? ஆகவே ஒரு விசேஷ விதி செய்தார்கள். மார்க்கர் முறை வரும்போதெல்லாம் அவருடைய பந்தை மிக அருகிலுள்ள ஓரத்து ரப்பர் மெத்தையோடு ஒட்டவைத்துவிட்டே அவர் அடிக்க வேண்டும்! துரைமாருக்கு மேசை முழுவதும்; மார்க்கருக்கு ஓரம் மட்டும். இதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்ட எமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு சொல். பந்தின் குறுக்களவு இரண்டங்குலத்துக்குச் சற்றே கூடுதல். மேசை ஓரத்து ரப்பர் மெத்தையின் விளிம்போ பந்தின் நடுவுக்கும் மேலே நிற்கிறது. வெட்டவெளியில் நிற்கும் பந்தை நடுவிலும், கீழும், இடமும், வலமும், எங்கு வேண்டுமாயினும் குத்தலாம். ஓரத்தில் ஒட்டிய பந்தில் அடிப்பவனுக்குக் கிடைப்பது மேற்புறத்தில் ஒரு சிறு பிறை மட்டுமே. நடுவைக் குத்தலாமென்று போனால் கோல் மரத்தில் மோதும். இதனாலேயே நன்கு ஆடுபவர்கள் கூட எதிராளியின் பந்தை ஓரத்தில் ஒட்டவைத்துவிட்டுப் போவதைத் தற்காப்பின் உச்சமாகக் கருதுகிறார்கள்.

1968 இல், இருபது வயதில், நாம் மார்க்கர் மாமாவைச் சந்தித்தோம். பயிற்சி பெறாத உதவியாசிரியராக அப்போதுதான் ஒரு தோட்டப் பாடசாலையில் சேர்ந்திருந்தோம். கையில் துண்டுப்பிரசுரம், வாயில் பெரிய சொற்கள். பெரும்பாலான வெள்ளைத் துரைமார் போய்விட்டிருந்தார்கள். கிளப் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் திறந்திருக்கும். சாவி மார்க்கர் மாமாவிடம். சங்கத்துக்கு ஆள் சேர்க்கப் போன நாம், அவர் தனியே நின்று பந்தடிப்பதைக் கண்டோம். "மாமா, இது துரைமாரின் எச்சில் ஆட்டம். இதில் கெட்டிக்காரராவதும் அடிமைத்தனத்தில் கெட்டிக்காரராவதும் ஒன்றே" என்றோம். அந்த வாக்கியத்தை வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனோமென்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. வெள்ளைப் பந்தை எடுத்து ஓரத்தோடு ஒட்டி வைத்தார். இரண்டு சாண் தள்ளிச் சிவப்புப் பந்தைக் குழிக்கு நேரே வைத்தார். கோலை எம் கையில் தந்தார். பத்து முறை அடித்தோம். மூன்று முறை கோல் வழுக்கி 'டிக்' என்றது. இரண்டு முறை பந்து துள்ளிற்று. மற்றவை எங்கோ போயின. ஒன்றுகூட விழவில்லை. சுவர்க் கடிகாரம் ஆறடித்தது. "நாளைக்கு வாங்க தம்பி" என்றார். நாம் போனோம். சங்கத்து வேலையாகவே போகிறோமென்று எம்மையே ஏமாற்றிக்கொண்டு ஏறக்குறைய மூன்றாண்டுகள் போனோம்.

அவர் கற்பித்த முறை இது. ஒட்டிய பந்தைக் கண்டதும் மனிதனுக்கு முதலில் வருவது பயம். பயந்தவன் செய்யும் முதற் காரியம் கோலின் பின்பக்கத்தை உயரத் தூக்குவது. தூக்கினால் பந்து நன்றாகத் தெரிகிறதென்று அவனுக்குத் தோன்றும். ஆனால் மேலிருந்து கீழே இறங்கும் கோல் பந்தைக் கல்லின் மேல் நசுக்குகிறது, பந்து துள்ளும், உச்சியின் நடுவிலிருந்து நூலளவு விலகிப் பட்டாலும் வளைந்து ஓடும். எனவே மரவிளிம்பு அனுமதிக்கும் மட்டுக்குக் கோலைத் தாழ்வாகவே பிடிக்க வேண்டும். சற்றே சாய்வு, அதற்கு மேலில்லை. "மரத்தோட தேச்சுக்கிட்டு போகட்டும் தம்பி. மரம் ஒங்களுக்கு எதிரியில்ல, அதுதான் தண்டவாளம்" என்பார். இடக்கை விரல்களை மரத்தின்மேல் தட்டையாக விரித்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கோல் வழுக்கும்படி விட வேண்டும். விரல் நுனிகள் மரத்தை அழுத்த வேண்டும். கை ஆடினால் எல்லாமே ஆடும்.

அடுத்தது, நீளம். வழக்கமாக இடக்கைக்கும் பந்துக்கும் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விடுகிறவன் இங்கே அதில் பாதியே விட வேண்டும். முன்கை கிட்டவந்தால் பின்கையும் கோலில் முன்னே நகர வேண்டும். பலர் இதை மறந்துவிடுவர். முன்கையைச் சுருக்கிவிட்டுப் பின்கையைப் பழைய இடத்திலேயே வைத்திருப்பர். கோலின் நுனி ஊசலாடும். பின்னிழுப்பும் குறுகியதாக, மெதுவாக இருத்தல் வேண்டும். ஆனால் குத்திவிட்டு நிறுத்திவிடக்கூடாது. பந்து போன பிறகும் கோல் நேரே நாலைந்து அங்குலம் அதன் பின்னே போக வேண்டும். எமக்கு மிகக் கடினமாயிருந்தது இதுவே. அடிபடுமுன்பே பந்து எங்கே போகிறதென்று தலை நிமிர்ந்து பார்த்துவிடுவோம். மார்க்கர் மாமா பின்னால் நின்று எம் தலையில் துலக்கும் தூரிகையின் கைப்பிடியை வைத்துக்கொள்வார். நிமிர்ந்தால் இடிக்கும்.

பக்கச் சுழற்சி கொடுக்கும் ஆசையை ஓரத்தில் அறவே விட்டுவிட வேண்டும். உச்சியின் நடு, அது ஒன்றே. கோலின் தோல் நுனிக்கு நீலச் சோக்கை ஒவ்வோர் அடிக்கும் முன்னர் பூச வேண்டும். பிறையளவு இடத்தில் படும் நுனி வழுக்கினால் இரண்டாம் வாய்ப்பில்லை. (அந்தத் தோல் நுனியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுப் படைவீரர் சிறையில் இருந்தபோது கண்டுபிடித்தாரென்றும், விடுதலை நாள் வந்தபோது ஆராய்ச்சி முடியவில்லையென்று இன்னும் சில நாள் சிறையிருக்க அனுமதி கேட்டாரென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு மெய்யோ, மார்க்கர் மாமாவுக்கு அதை மிகவும் பிடித்திருந்தது.) மேற்புறத்தில் அடிபட்ட பந்து மோதிய பின்னும் நிற்காமல் முன்னே உருளும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். சிவப்பு விழுந்த குழியிலேயே வெள்ளையும் விழுந்த சோகத்தைப் பலமுறை கண்டோம்.

பயிற்சிக்கு அவரிடம் இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, எதிர்ப்பந்தே இல்லாமல் ஆடுவது. மேசையின் குறுக்கு ஓரத்தின் நடுவில் வெள்ளையை ஒட்டவைத்து, மேசையின் நடுக்கோட்டிலுள்ள புள்ளிகளின் மேலாக எதிர் ஓரத்துக்கு நேரே அனுப்ப வேண்டும். கோலை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தால், திரும்பி வரும் பந்து அதன் நுனியையே தொட வேண்டும். தொடவில்லையானால் பிழை பந்தினுடையதன்று. இரண்டாவது, சிவப்பை ஒரு சாணில் தொடங்கி வைத்தல். பத்துக்கு ஏழு விழுந்தால் இன்னொரு சாண் தள்ளலாம். ஐந்துக்குக் கீழே போனால் ஒரு சாண் கிட்டக் கொண்டுவர வேண்டும். கிட்டக் கொண்டுவர எமது கௌரவம் இடங்கொடுக்காது. "படிக்காத புள்ளய நீங்க மேல் வகுப்புக்கு ஏத்துவீங்களா வாத்தியாரே?" என்று அவர் கேட்பார். எட்டாத தூரத்துப் பந்தை விழுத்த முயலாமல், மெல்ல அடித்து எதிராளிக்கும் சங்கடமான நிலையில் விட்டுவிட்டு வருவதும் ஆட்டமே என்பதை அவரிடமே கற்றோம். மூன்றாண்டு முடிவில் நான்கு சாண் வரை வந்தோம். அவரோ மேசையின் முழு நீளத்துக்கும் அடிப்பார்.

இனி, செக்ரோல் விஷயம்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய வரலாறு இந்த வாசகர்களுக்குப் புதிதன்று. மறுவருடம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. 1946 ஜனவரி 1 க்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவனுக்கு நிரூபணம் எது? செக்ரோல். எமது மார்க்கர் மாமாவின் பெயர் அதில் இல்லை. அவர் கிளப்பின் ஆள். கிளப்பின் சில்லறைக் கணக்குப் புத்தகங்கள் கறையானுக்குப் போயிருந்தன. கிளப் செயலாளரிடம் கடிதம் கேட்டார். கடிதம் கிடைத்தது. நல்ல தடித்த தாளில், அழகான ஆங்கிலத்தில், இவர் நேர்மையானவர், மரியாதை தெரிந்தவர், இம்மாகாணத்திலேயே சிறந்த மார்க்கர் என்றெல்லாம் எழுதியிருந்தது. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பது மட்டும் எழுதியிருக்கவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யச் சட்டம் இடமளித்தது. அவருடைய மடிச்சீலை இடமளிக்கவில்லை.

அந்தக் கடிதத்தை அவர் எமக்குக் காட்டியது 1970 இல். தகரப் பெட்டியில், ஒரு சோக்குப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். நாம் கோபத்தில் துள்ளினோம். ஊர்வலம், மகஜர், பத்திரிகைக்குக் கடிதம் என்றெல்லாம் பேசினோம். அவருடைய வழக்கை எமது சங்கத்தின் மாவட்டக் கூட்டத்தில் எடுத்துரைத்தபோது, அவர் தோட்டத் தொழிலாளியல்லர், அங்கத்தவருமல்லர், கிளப்பின் சேவகர் என்று தோழர்கள் ஒதுக்கிவிட்டார்கள். நாம் எழுந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் எச்சில் ஆட்டம் என்று சொன்ன அதே வாய் அங்கே மூடிக்கொண்டது. செக்ரோலில் பெயரில்லையென்று அரசாங்கம் சொன்னதற்கும் அங்கத்தவர் பட்டியலில் பெயரில்லையென்று நாம் சொன்னதற்கும் என்ன வேறுபாடு என்பதை அன்றிரவு லயத்துக்குத் திரும்பும் வழியிலேயே உணர்ந்தோம். உணர்ந்து பயன்? கூட்டம் முடிந்துவிட்டது.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று வைத்தது. 1974 இல் அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மார்க்கர் மாமா முதற் கணக்கில் விழுந்தார். 1972 இல் மனைவியோடும் ஒரு மகளோடும் தலைமன்னார் ரயிலேறினார். கோல் கிளப்பினுடையது, அதைச் சுவர்த் தாங்கியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை ஒப்படைத்தார். பாதி தேய்ந்த நீலச் சோக்குக்கட்டி ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை நாம் கண்டோம். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இராமேசுவரம், மண்டபம் முகாம், பின்னர் நீலகிரி. தாயகம் திரும்பியோருக்காக 1968 இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் கோத்தகிரிப் பக்கம் வேலை கிடைத்ததாக எழுதினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் கவ்வாத்துக் கத்தி. ஒரு காகிதத்துக்காக ஊட்டிக்குப் போனபோது, "இங்கயும் துரைமார் கிளப் இருக்கு தம்பி, கேட்டு ரொம்பப் பெருசு" என்று ஒரு வரி எழுதியிருந்தார். பிற்காலத்தில் ஒரு நூலில் நாம் படித்தோம்: 1875 இல் ஜபல்பூர்ப் படைமுகாமில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி கலந்து கட்டிய ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதப்பட்டு முதன்முதலில் சுவரில் தொங்கியது அந்த ஊட்டிக் கிளப்பிலேதான், 1882 இல். 'ஸ்னூக்கர்' என்பது புதிதாய்ச் சேர்ந்த, ஒன்றும் அறியாத படைமாணவனைக் கேலி செய்யும் சொல்லாம். உலகத்திலேயே அந்த ஆட்டம் சட்டம் பெற்ற கட்டடத்தின் வாசலில் நின்றதை அறியாமலே அவர் திரும்பியிருக்கிறார். அறிந்திருந்தாலும் வாசற்காவலன் உள்ளே விட்டிருக்கப் போவதில்லை.

1973 இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் இலங்கையின் எம். ஜே. எம். லாபிர் பட்டத்தை வென்றார். இந்நாட்டுக்கு எந்த விளையாட்டிலும் அதற்கு முன் உலகப் பட்டம் வந்ததில்லை. பத்திரிகைகள் கொண்டாடின. நாம் செய்தியைக் கத்தரித்து, கடிதத்தோடு கோத்தகிரிக்கு அனுப்பினோம். பதில் இரண்டு மாதத்தில் வந்தது. சந்தோஷம் என்று எழுதியிருந்தார். மகளுக்குக் கல்யாணம் என்று எழுதியிருந்தார். குளிர் எலும்பைக் கடிக்கிறது என்று எழுதியிருந்தார். அடியில், வேறு மையில், ஒரு கேள்வி: பந்து ஓரத்தில் ஒட்டினால் லாபிர் ஐயா கோலை எவ்வளவு தூக்குகிறார், பார்த்தீர்களா? நாம் லாபிரின் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. கொழும்புக்குப் போய்ப் பார்த்து எழுதலாமென்று பதிலைத் தள்ளிப்போட்டோம். தள்ளிப்போட்டதில் பதில் எழுதாமலே போயிற்று. அதன் பின் அவரிடமிருந்தும் கடிதமில்லை.

1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. கிளப் பாழடைந்தது. துணியை எவரோ கிழித்துக்கொண்டு போனார்கள். மரம் அடுப்புக்குப் போயிற்று. கற்பலகைகளில் ஒன்று இன்றும் லயத்துப் பீலிக்கரையில் கிடக்கிறது. அதன்மேல் பெண்கள் துணி துவைக்கிறார்கள். ஊரிலேயே அவ்வளவு மட்டமான துவைகல் வேறு இல்லையென்று சொல்வார்கள். ஓரத்தில் திருகாணித் துளைகள் இருக்கின்றன. சவர்க்காரம் அதில் சேர்ந்துவிடுகிறதென்று ஒரு குறை.

மாணவனுக்கு இவ்வளவையும் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. கோலைத் தாழ்த்து, கையைக் கிட்ட வை, உச்சியின் நடுவில் மெல்ல அடி, தலையை நிமிர்த்தாதே, ஒரு சாணில் தொடங்கு என்று மட்டும் சொன்னோம். பூல் மேசை சிறியது, பந்தோ சற்றுப் பெரியது. எனினும் ஓரம் எங்கும் ஓரமே. மார்க்கர் மாமாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னோம். "அவரு யாரு சேர், நம்ம ஆளா?" என்று கேட்டான். ஆம் என்றோம். சொல்லிவிட்டு, அந்தச் சொல்லை அன்றைய கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டுமே என்று சிறிது நேரம் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அழைத்தான். இரண்டு சாணுக்கு வந்துவிட்டானாம். பத்துக்கு ஆறு. இன்னும் தள்ளலாமா என்று கேட்டான். வேண்டாம், ஏழு விழட்டும் என்றோம்.